செம்பனை ஓலையைத் தின்னும் பைப்புழுக்கள்

இரப்பர் மரம் ஆண்டுதோறும் இலையுதிர்த்துச் சில வாரங்களில் மீண்டும் தளிர்த்துவிடுவதைக் கண்டு பழகிய நமக்கு, ஓலை கருகிய செம்பனை பெருங்கவலை அளிப்பதில்லை. ஆயின், செம்பனை அவ்வாறு தளிர்ப்பதன்று. மாதத்திற்கு ஏறக்குறைய இரண்டு மட்டைகளே அதற்குப் புதிதாக விரிகின்றன. பாதி ஓலையை இழந்த மரத்தில் விளைச்சல் குறைவு இரண்டு ஆண்டுகள் வரை நீடிக்கும். குலை குறைந்தால் அறுவடை செய்வோரின் வருவாயும் குறையுமன்றோ!

இக்கேட்டினை விளைவிப்பவற்றுள் முதன்மையானது பைப்புழு. மலாய் மொழியில் ‘ஊலாட் புங்குஸ்’ என்பர். ஓலைத் துணுக்குகளைத் தன் நூலால் பிணைத்துப் பை கட்டி, அதனுள் இருந்தவாறே தலையை நீட்டி ஓலையைத் தின்னும். பெண் பூச்சிக்குச் சிறகில்லை. பைக்குள்ளேயே முட்டையிட்டு மடிகிறது. பொரித்து வெளிவரும் இளம் புழுக்கள் நூலில் தொங்கி, காற்றின் வழியே அடுத்த மரத்தை அடைகின்றன.

புழுவைக் கண்டவுடன் மருந்து தெளிப்பதே முறையெனப் பலர் எண்ணுவர். 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் அவ்வாறே செய்தனர். எல்லாப் பூச்சிகளையும் கொல்லும் நஞ்சுகள் தெளிக்கப்பட்டன. புழுக்களோ முன்னினும் பெருகின. தெளிப்பை நிறுத்திய பின்னரே அவை தணிந்தன. பூச்சியியல் அறிஞர் பி. ஜே. உட் 1968இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கியுள்ளார். புழுவின் உடலில் முட்டையிட்டு அதனை அழிக்கும் சிறு குளவிகள் தோட்டத்தில் உண்டு. பைக்குள் இருக்கும் புழு தப்பிவிட, வெளியே பறக்கும் குளவியே நஞ்சுக்கு இரையாயிற்று.

இக்குளவிகள் பூந்தேனை உண்டு வாழ்பவை. தோட்டச் சாலையோரங்களில் டர்னெரா முதலிய பூச்செடிகளை நடுவது இதன் பொருட்டே. அழகுக்காக என்று நினைத்துவிடலாகாது. களைக்கொல்லி தெளிப்போர் அச்செடிகளை விட்டுத் தெளித்தல் வேண்டும். நாம் அறிந்தவரை, இவ்வொன்றே தோட்டங்களில் மிகுதியும் மறக்கப்படுவது.

அறுவடையின்போது ஓலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். பையைப் பிரித்து, உள்ளே புழு உயிரோடிருக்கிறதா என நோக்குதல் வேண்டும்; வெறும் பைகளை எண்ணிப் பயனில்லை. சிறுவகைப் பைப்புழு மட்டைக்குப் பத்துக்கு மேல் உயிருடன் காணப்படின் மண்டோரிடம் உடனே தெரிவியுங்கள். பைப்புழு 2013இல் அபாயகரப் பூச்சியெனச் சட்டப்படி அறிவிக்கப்பட்டுள்ளது.

மருந்து தேவைப்படின், ‘பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்’ என்னும் நுண்ணுயிர் மருந்து ஏற்றது. ஓலையோடு அதனை உண்ணும் புழு மடியும், குளவிக்குத் தீங்கில்லை. இளம் புழுக்களிடமே அது நன்கு வேலை செய்யும் என்பதால், பை பெருத்தபின் தெளிப்பது வீண் செலவாகும்.