நவம்பரில் ஏன் இந்தக் கதகதப்பு?

அமெரிக்காவின் வடக்குச் சமவெளியில், அதாவது மொன்டானாவின் கிழக்குப் பகுதியிலும் டகோட்டா மாநிலங்களிலும், நவம்பர் என்றால் கடுங்குளிர் தொடங்கும் மாதம். ஆனாலும் சில நாள்களில் வானிலை அறிக்கை இதமான வெப்பத்தையும் பலத்த காற்றையும் சேர்த்தே சொல்கிறது. ஏன்?

மேற்கே நிற்கும் ராக்கி மலைத்தொடர்தான் காரணம். பசிபிக் பெருங்கடலின் ஈரக்காற்று மலையேறும்போது விரிந்து குளிர்கிறது. ஈரத்தை மழையாகவும் பனியாகவும் அங்கேயே இறக்கிவிடுகிறது. நீராவி நீராகும்போது வெளிவிடும் வெப்பம் காற்றிலேயே தங்குவதால், கிலோமீட்டருக்குச் சுமார் 6 டிகிரி செல்சியஸ்தான் குளிர்கிறது. கிழக்குச் சரிவில் இறங்கும்போதோ உலர்ந்த காற்று அழுத்தப்பட்டு, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி சூடேறுகிறது. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பகுதி சுடுமே, அதே இயற்பியல்தான். இழந்ததைவிடப் பெற்றது அதிகம். இதுவே சினூக் காற்று.

வேகத்துக்குக் காரணம் அழுத்த வேறுபாடு. கனடாவின் ஆல்பர்ட்டா பக்கம் தாழ்வழுத்தமும் மலைக்கு மேற்கே உயரழுத்தமும் இருந்தால், காற்று விரைகிறது. சமவெளியில் தடுக்க மரங்களும் அதிகமில்லை.

சினூக்கின் வலிமை என்னை எப்போதும் வியக்க வைப்பது. 1943 ஜனவரி 22 அன்று தெற்கு டகோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் நகரில், இரண்டே நிமிடத்தில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்குத் தாவியது! காற்று நின்றதும், 12 டிகிரி வரை ஏறியிருந்த வெப்பம் 27 நிமிடத்தில் பழைய மைனஸ் 20க்கே சரிந்தது.

இந்த இதத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. வறண்ட காற்று, காய்ந்த புல், பலத்த வீச்சு மூன்றும் கூடினால் ஒரு தீப்பொறி போதும். அதனால்தான் இத்தகைய நாள்களில் காட்டுத்தீ எச்சரிக்கையும் விடுக்கிறார்கள்.