பெரியாஸ்பத்திரியில் நெரிசல்: கட்டணமா தீர்வு?

2022 மார்ச் இறுதியில் பேராதனை போதனா வைத்தியசாலை, மருந்துத் தட்டுப்பாடு காரணமாகத் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை இடைநிறுத்தியது. அவ்வேளை இலங்கை வந்திருந்த இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர், அச்செய்தி கண்டு கவலை தெரிவித்து, எப்படி உதவலாம் எனப் பார்க்குமாறு தமது உயர்ஸ்தானிகரைக் கேட்டுக்கொண்டார். டொலர் நெருக்கடியே அந்நிலைக்குக் காரணம். ஆயினும் இலவச சுகாதார சேவைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைக் கண்டி மக்கள் அன்று கண்ணால் கண்டார்கள்.

எல்லையுள்ள வளத்தை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதே கேள்வி. நம் நாட்டில் எவரும் எந்த அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கும் நேரடியாகச் செல்லலாம். கீழ்நிலை வைத்தியசாலையின் சிபாரிசுக் கடிதம் கட்டாயமில்லை. இதனால் அக்குறணை, மடவளை, கலகெதர என எந்த ஊரிலிருந்தும் ஒருவர் சாதாரண தடிமன் காய்ச்சலுக்கும் பஸ் ஏறிக் கண்டி தேசிய வைத்தியசாலைக்கு வரலாம். மாரடைப்பு நோயாளியைக் கவனிக்கவேண்டிய இடத்தில் இருமலுக்கும் வரிசை நிற்கிறது.

இதற்குச் சிலர் உடனே சொல்லும் தீர்வு, சிறு கட்டணம் அறவிடுவது. இது புதிய யோசனையல்ல. அரச வைத்தியசாலைக் கட்டணங்கள் 1951இல் நீக்கப்பட்டன. 1970களின் தொடக்கத்தில் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை வந்து, 1977இல் கைவிடப்பட்டது. அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் 1970களில் தொடங்கிய பெரும் ஆய்வொன்று, நோயாளி பணம் செலுத்தவேண்டி வரும்போது தேவையற்ற சிகிச்சையும் அவசியமான சிகிச்சையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைவதைக் காட்டியது. கட்டணத்துக்கு நோயைப் பிரித்தறியத் தெரியாது. அது ஏழையை மட்டும் அறியும்.

மக்கள் ஏன் ஊர் வைத்தியசாலையைத் தாண்டிச் செல்கிறார்கள்? அறியாமை மட்டும் காரணமல்ல. அங்கே தேவையான மருந்து இருக்குமா, இரத்தப் பரிசோதனை செய்யலாமா, பின்னேரம் வைத்தியர் இருப்பாரா என்ற சந்தேகங்கள் பல இடங்களில் நியாயமானவை. 2018இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட கொள்கை இதைத்தான் சரிசெய்ய முனைந்தது. விசேட வைத்திய நிபுணர்கள் உள்ள ஒரு வைத்தியசாலையை மையமாக வைத்து, சுற்றியுள்ள பிரதேச வைத்தியசாலைகளையும் ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவுகளையும் ஒரே கொத்தணியாக இணைப்பது அதன் அடிப்படை. மையத்தில் நோயைக் கண்டறிந்து சிகிச்சையைத் தீர்மானித்தால், மாதாந்த மருந்தை ஊரிலேயே பெறலாம். இது காகிதத்தில் நிற்காமல் ஒவ்வோர் ஊரிலும் நடைமுறைக்கு வரவேண்டும்.

நிர்வாகம் செய்யவேண்டியவை தெளிவானவை. நீரிழிவு, உயர் இரத்த அழுத்த மருந்துகள் சிறிய வைத்தியசாலைகளிலும் தடையின்றிக் கிடைக்கவேண்டும். கிளினிக்குக்கு வரும் அனைவரையும் காலையில் ஒன்றாகக் காத்திருக்க வைக்காமல், நேரம் பிரித்துக் கொடுக்கவேண்டும். ஒரு வைத்தியசாலையின் பதிவு மற்றதிலும் தெரிந்தால், ஒரே பரிசோதனையை இருமுறை செய்யத் தேவையில்லை.

நம் பக்கமும் திருத்தம் தேவை. இரண்டு கிளினிக்குகளில் கொப்பி வைத்து ஒரே மருந்தை இருமுறை எடுப்பதும், வைரஸ் காய்ச்சலுக்கு அன்டிபயோடிக் கேட்டு வைத்தியரை வற்புறுத்துவதும் பிறர் பங்கை வீணாக்குவதாகும். அலுமாரியில் காலாவதியாகும் ஒவ்வொரு மாத்திரைப் பெட்டியும் வீண்விரயம்தான். இஸ்ராப் உணவுக்கும் தண்ணீருக்கும் மட்டும் உரியதல்ல.

நோயாளியைப் பார்க்கச் செல்வது ஒரு முஸ்லிமுக்கு மற்றவர் மீதுள்ள உரிமை. அதன் நோக்கம் நோயாளிக்கு ஆறுதல். குடும்பத்தோடு பத்துப் பேர் வார்ட்டில் கட்டிலைச் சூழ்ந்து நின்றால், பக்கத்துக் கட்டில் நோயாளிக்கும் தாதியருக்கும் அது சிரமம். இருவர் சென்று, துஆ செய்து, சீக்கிரம் திரும்புவதே சுன்னத்தின் கருத்துக்கு நெருக்கமானது.

ரமழானையும் நினைவில் கொள்ளவேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே வைத்திய ஆலோசனை பெறவேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டல். தாமாகவே இன்சுலின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டு, சீனி திடீரெனக் குறைந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்வது தவிர்க்கக்கூடியது. அந்த ஆலோசனையை ஊர் வைத்தியசாலையிலேயே பெறலாம்.

தடுப்புக்கும் வழி இருக்கிறது. 2011 முதல் நாடெங்கும் அமைக்கப்பட்ட ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில், 35 வயதைக் கடந்தோர் இரத்த அழுத்தம், சீனி போன்றவற்றை இலவசமாகப் பரிசோதிக்கலாம். அங்கே பெண்களை விட ஆண்கள் குறைவாகவே வருகிறார்கள். ஆண்கள் தவறாமல் கூடும் இடம் ஜும்ஆ. பள்ளிவாசல் நிர்வாகங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையுடன் பேசி, மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யலாம். பெரிய செலவில்லை, ஒரு மேசையும் சில கதிரைகளும் போதும்.

அத்துடன் ஊர் வைத்தியசாலையின் குறைகளை எழுத்தில் திரட்டி, மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் தொடர்ந்து கேட்பதும் நம் பொறுப்பு. தனவந்தர்கள் பெரியாஸ்பத்திரிக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். அடுத்த சதகாவை ஊர் வைத்தியசாலையின் ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தால், கண்டி வரிசையிலிருந்து பலர் விலகுவார்கள். அந்த இடம் உண்மையில் உயிருக்குப் போராடும் ஒருவருக்குக் கிடைக்கும்.