எந்தத் தொலைபேசி ஸ்தாபனத்தைத் தேர்ந்தெடுப்பது?

நம் நாட்டில் செல்லுலர் தொலைபேசி சேவைக்கு வந்தது 1995 ஜூலை 31-ஆம் தேதி. அன்று மேற்கு வங்க முதல் மந்திரி ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து, டில்லியிலிருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசினார். இன்று ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா, அரசாங்கத்தின் பி.எஸ்.என்.எல். ஆகிய நான்கும் பிரதான ஸ்தாபனங்கள். இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பது, ஊர்ப் பெயர் சொல்லாமல் எந்தக் கிணற்றில் நீர் அதிகம் என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

புனே நகரின் வடகிழக்கே, ஆளந்தி சாலையில் உள்ள விஷ்ராந்த்வாடியை எடுத்துக்கொள்வோம். லோகேகாவ் விமானதளம் அருகிலிருப்பதால், இவ்வட்டாரத்தில் கட்டடங்களையும் கோபுரங்களையும் விரும்பிய உயரத்துக்கு எழுப்ப இயலாது. திகி, களஸ் பக்கங்களில் ராணுவ நிலங்கள் உள்ளன. எஞ்சிய இடத்தில் நெருக்கமான அடுக்கு வீடுகள். இத்தகைய இடத்தில் முன்கூடத்தில் தெளிவாக ஒலிக்கும் கருவி சமையலறையில் ஊமையாகிவிடுவது வியப்பன்று.

காரணம் ரேடியோ அலைகளின் இயல்பே. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். 3,300 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 9 சென்டிமீட்டர். நீண்ட அலை வெகுதூரம் செல்லும். சுவரையும் ஓரளவு கடக்கும். குறுகிய அலைவரிசைகளில் இடம் விசாலமாதலால் செய்திகள் விரைந்து செல்லும். ஆனால் கான்கிரீட்டில் அவை பெரிதும் வலுவிழக்கும். ஏலத்தில் ஸ்தாபனங்கள் பெற்ற அலைவரிசைகள் ஒரே விதமானவையல்ல. ஆகவே மொட்டை மாடியில் முதலிடம் பெறும் கம்பெனி உள்ளறையிலும் முதலிடம் பெறும் என்பதற்கில்லை.

கோபுரம் அருகிலிருந்தும் பயனற்றுப்போகும் நேரங்களும் உண்டு. ஆண்டுதோறும் ஞானேஸ்வரரின் பல்லக்கு ஆளந்தியிலிருந்து விஷ்ராந்த்வாடி வழியே புனேக்கு வருகிறது. ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அதன் எல்லைக்குள் உள்ள அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருப்பதால், அத்தகைய திரளில் அலையின் வலிமை குன்றாமலே பேச்சு தடைப்படக்கூடும். திருவிழாக் கூட்டம் கூடும் எவ்வூருக்கும் இது பொருந்தும்.

திரையில் தோன்றும் கோடுகளை நம்பவேண்டாம். அவற்றுக்கு எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான அளவு கிடையாது. பல கருவிகளில், அமைப்புப் பகுதியில் அலையின் வலிமை டி.பி.எம். என்ற அலகில் எண்ணாகவே காட்டப்படும். மைனஸ் 80 நல்லது. மைனஸ் 110 மெலிந்தது. பத்து அலகு இறங்கினால் சக்தி பத்தில் ஒன்றாகும். எனவே இவ்விரண்டிற்கும் உள்ள வித்தியாசம் ஆயிரம் மடங்கு! ஆசிரியர்கள் இரு கம்பெனிகளின் கருவிகளைக்கொண்டு தாழ்வாரம், வகுப்பறை, தகரக் கூரையின் கீழ் என அளந்து, மாணவர்களைக்கொண்டு அட்டவணை தயாரிக்கலாம். இரு கருவிகளும் ஒரே தலைமுறைச் சேவையில், அதாவது இரண்டும் 4-ஜியில், இருத்தல் அவசியம்.

கிராமங்களில் சுற்றும் பணியாளர்களுக்கு நாம் கூறுவது இதுவே: கருவியில் இரண்டு சிம் பொருத்த வசதியிருந்தால், வேறொரு கம்பெனியின் சிம்மைக் குறைந்த கட்டணத்தில் வாங்கி ஒரு மாதம் பரீட்சித்துப் பாருங்கள். பிறகு எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றலாம். நாடு முழுவதும் இவ்வசதி 2011 ஜனவரி 20 முதல் உண்டு. கம்பெனியில் 90 நாட்கள் கழித்திருக்க வேண்டும், பாக்கியும் கூடாது. 'போர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுடன் தம் எண்ணை 1900-க்குச் செய்தியாக அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும். அதைப் பெரும்பாலான மாநிலங்களில் நான்கு நாட்களுக்குள் புதிய கம்பெனியிடம் கொடுத்துவிட வேண்டும். சிம்மை மாற்றி வாங்கியவருக்கு, 2024 ஜூலை முதல், ஏழு நாட்கள் வரை குறியீடு கிடையாது; மோசடியைத் தடுக்கும் ஏற்பாடு இது.

காலதாமதத்தில் ஓர் அபாயம் உண்டு. கோபுரமே ஓய்ந்துவிட்டால் குறியீடு கேட்கும் செய்தியையும் அனுப்ப இயலாது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஏர்செல் சந்தாதாரர் பலர் இவ்வாறே தவித்தனர். அம்மாத இறுதியில் அக்கம்பெனி திவால் மனுவும் செய்தது. வங்கியின் ரகசிய எண்கள் அந்தத் தொலைபேசிக்கே வருவதால், பேச்சு மட்டுமன்றிப் பணமும் முடங்கியது.

பழைய 2-ஜி பொத்தான் கருவி வைத்திருக்கும் முதியோருக்கு ஜியோ உதவாது. அக்கம்பெனிக்கு 2-ஜி சேவை இல்லை. இன்டர்நெட் வேண்டாதோருக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டுமான திட்டங்களை அளிக்கும்படி கம்பெனிகளுக்கு டிராய் 2024 டிசம்பரில் விதித்துள்ளது. கடையில் அவற்றைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கலாம்.