கொசு மெஷின் விடிய விடிய எரிந்தும் ஏன் கருகுவதில்லை?

தெர்மோஸ்டாட் கிடையாது. பின்னே சூட்டை யார் கட்டுப்படுத்துகிறார்கள்?

பல மெஷின்களில் பட்டன் அளவு பீங்கான் வில்லை ஒன்று இருக்கும். லாந்தனம் போன்ற ஏதாவது துளி சேர்த்த பேரியம் டைட்டனேட். அதற்குள் நுண்மணிகள் வயல்களாக ஒட்டிக்கிடக்கின்றன. மணிகள் சேரும் எல்லைதான் வரப்பு.

அங்கே அணு அடுக்கு பிசகியிருக்கும். பிசகில் எலெக்ட்ரான்கள் சிக்குவதால் எல்லைக்கே எதிர்மின்னூட்டம். வருகிற எலெக்ட்ரான்களை அது விரட்டத்தானே வேண்டும்? விரட்டுவதில்லை! மணிக்குள் டைட்டானியம் அணுக்கள் தத்தம் அணுக்கூட்டின் நடுவிலிருந்து இம்மியளவு விலகி நிற்கின்றன. அந்த விலகல் எல்லையின் மின்னூட்டத்தைப் பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது. மடை திறந்து மின்சாரம் பாய்கிறது; வில்லை சூடேறுகிறது.

சுமார் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்த விலகல் மறையும். மடை அடைபடும்; மின்தடை ஆயிரம் மடங்குக்கும் மேல் எகிறும். மின்சாரம் குறைய, சூடும் தணியும்.

காரீயம் கலந்தால் இந்த வரம்பை உயர்த்தலாம். ஸ்ட்ரான்ஷியம் கலந்தால் இறக்கலாம்.