ஒன்பது வானப் பாலம்

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே, தேயிலைச் சரிவுகள் சூழ்ந்த பள்ளமொன்றைக் கடந்து நிற்கும் புகையிரதப் பாலத்தை ஒன்பது வளைவுப் பாலம் என்பது பலரும் அறிந்த வழக்கு. சிங்கள மக்கள் வழங்கும் பெயரோ ஒன்பது வானப் பாலம் எனப் பொருள்படும். அடியில் நின்று அண்ணாந்து நோக்கின் வளைவுதோறும் ஒரு வானம் தோன்றும். அப்பெயரை முதலில் இட்டவன் ஏடு பயின்றானோ இல்லையோ, புலவன் என்பதில் எனக்கு ஐயமில்லை.

1894இல் பண்டாரவளையை எட்டிய இருப்புப் பாதை பதுளையை அடைய 30 ஆண்டுகள் சென்றன. இடையே 1921இல் எழுந்தது இப்பாலம். நீளம் ஏறத்தாழ 300 அடி, உயரம் 80 அடி. முதல் உலகப் போரினால் உருக்கு வாராமற் போகவே உள்ளூரார் கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டி முடித்தனர் என்பது செவிவழிக் கதை.

அடுத்த நிலையமாகிய தெமோதரைக்கும் ஒரு கதை உண்டு. அங்கே பாதை மலையைச் சுற்றி இறங்கி, நிலையத்தின் கீழேயே சுரங்கத்துள் நுழைகின்றது. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றியதைக் கண்ட பொறியியலாளர் விமலசுரேந்திரவுக்கு அவ்வமைப்பு மனத்திற் பட்டதாம். மெய்யோ, புனைவோ! பொறியியலாளர் பெயர் நிலைத்தது, தலைப்பாகையும் நிலைத்தது, அதை அணிந்திருந்தவர் பெயர் மட்டும் கதையில் இல்லை.

இந்நாளில் பாலத்தின்மேல் உலாவ உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். கண்டி ஹந்தானையில் தொடங்கி ஊவா மலைகளைச் சுற்றி நுவரெலியாவில் முடியும் பெக்கோ நடைவழியும் இப்பகுதியைத் தொட்டுச் செல்கின்றது. 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அவ்வழியின் பெரும்பகுதி, தேயிலை ஏற்றிச் சென்ற பழைய தோட்டப் பாதைகளே. வருவோரால் தேநீர்க் கடைக்காரனுக்கும் நாலு காசு கிடைக்கின்றது. நான் அதனைக் குறை கூறேன்.

ஆயினும் ஒருமுறை என் வகுப்பில் ‘எங்கள் பாலம்’ என்று கட்டுரை எழுதப் பணித்தேன். வளைவுகளையும் பனியையும் உவமைகளால் நிறைத்திருந்தனர் பலர். லயத்துப் பிள்ளையொருத்தி மட்டும் தன் அப்பாயியைப் பற்றி எழுதியிருந்தாள். விறகுச் சுமையோடு வரும் கிழவி, பாலத்தில் ஏறுமுன் குனிந்து தண்டவாளத்திற் காது வைத்து, ‘கோச்சி’ வருகின்றதா எனக் கேட்பாளாம். புகையிரதத்தை மலையகத்தார் கோச்சி என்பதே வழக்கு. அதனைத் திருத்த என் கை எழவில்லை. கட்டுரையின் இறுதி வரி இது: ‘அப்பாயி நடந்தபோது அது குறுக்கு பாதை, வெளியூர்க்காரர் நடக்கும்போது அது உலாப் பாதை.’

‘குறுக்கு’ என்பதன் பின் வல்லெழுத்து மிகவேண்டும். சிவப்பு மையால் ‘ப்’ ஒன்றை இட்டேன். மற்றெதனையும் தொட்டிலேன்.