வெள்ளைப்படுதலும் மீன் வாடையும்

இன்று நாம் பேசப்போவது தாயும் மகளும்கூட வாய்விட்டுப் பேசக் கூச்சப்படும் ஒரு செய்தி. வெள்ளைப்படுகிறது என்றால், "உடம்புச் சூடு" என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துவிட்டு இருந்துவிடுகிறோம். மீன் கவிச்சி போன்ற வாடை வந்தாலோ, வெளியே சொல்ல வெட்கப்பட்டு, சோப்பாலும் கிருமிநாசினியாலும் உள்ளே கழுவுகிறோம். அப்படிக் கழுவுவது நோயை வளர்க்கும். ஏன் என்று பார்ப்போம்.

பெண்ணின் பிறப்புவழியில் இயற்கையாகவே நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுள் முக்கியமானது லாக்டோபேசில்லஸ். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களுக்கு இது உறவு. இதனை 1892இல் ஜெர்மானிய மருத்துவர் டோடர்லைன் விளக்கினார். இது உண்டாக்கும் புளிப்பான அமிலம் மற்றக் கிருமிகளைப் பெருகவிடாது. ரப்பர் மரங்களுக்கிடையே மூடுபயிர் தழைத்திருந்தால் லாலாங் புல் தலைதூக்காது அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

மூடுபயிர் அழிந்தால் லாலாங் பரவும். நல்ல நுண்ணுயிர் குறைந்தால், கொஞ்சமாக இருந்த வேறு கிருமிகள் பெருகிவிடும். இந்த நிலையைத்தான் மருத்துவர்கள் பாக்டீரியல் வஜைனோசிஸ் என்கிறார்கள். 1955இல் அமெரிக்க மருத்துவர்களான கார்ட்னரும் டியூக்ஸும் இதில் ஒரு கிருமியைக் கண்டறிந்தார்கள். 1980இல் அதற்குக் கார்ட்னரெல்லா என்று பெயரிடப்பட்டது. அதனுடன் பிரிவோட்டெல்லா, மொபிலன்கஸ் போன்ற பல கிருமிகளும் கூட்டாகப் பெருகுகின்றன என்பதைப் பிற்பாடு அறிந்தார்கள்.

சரி, மருத்துவர் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? 1983இல் ஆம்செல் என்பவரும் அவருடைய குழுவினரும் வகுத்த 4 அடையாளங்கள் உண்டு.

முதலாவது, நீர்த்த பாலைப்போல் மெல்லியதாக, சாம்பல் கலந்த வெண்மையாகப் படுதல்.

இரண்டாவது, புளிப்புத்தன்மை குறைதல். சிறு தாளில் தொட்டுப் பார்த்தால் அளவு 4.5க்கு மேல் காட்டும்.

மூன்றாவது, பஞ்சுக்குச்சியில் எடுத்த நீரில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற மருந்துநீரை ஒரு சொட்டு விட்டால் மீன் வாடை எழும்புதல்.

நான்காவது, மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது, உடலின் உயிரணுக்கள்மேல் கிருமிகள் மொய்த்து, அவற்றின் ஓரமே தெரியாதிருத்தல். இவற்றைத் 'துப்புக் காட்டும் அணுக்கள்' எனலாம்.

இந்த நான்கில் மூன்று இருந்தால் நோய் உறுதி. சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

சோதிக்காமல் நாமே மருந்து வாங்கலாமா? கூடாது. தயிர்க்கட்டிபோல் பட்டு, கடுமையாக அரித்தால் அது பெரும்பாலும் காளான் இனத்துக் கிருமியால் வருவது. நுரைத்து, மஞ்சளாகவோ பச்சையாகவோ பட்டால் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஒருத்திக்குக் கொடுத்த மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரி வாங்கி விழுங்குவது ஆபத்து.

இந்த நோய்க்குப் பெரும்பாலும் மெட்ரோனிடசோல் மாத்திரையை 7 நாட்கள் கொடுப்பார்கள். வாடை நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்தக்கூடாது.

கணவன்மார்களும் கேளுங்கள். இந்த நோய் வந்ததைக் கொண்டு மனைவியின் நடத்தையைச் சந்தேகிக்க வேண்டாம். ஒருவனுக்கு ஒருத்தியாக வாழ்பவர்களுக்கும் இது வருகிறது. ஆனால் உங்களுக்கும் இதில் பங்குண்டு. 2025இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது 12 வாரங்களுக்குள் 63 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. கணவருக்கும் சேர்த்துக் கொடுத்தபோது அது 35 விழுக்காடாகக் குறைந்தது. ஆகவே, திரும்பத் திரும்ப வந்தால் இருவருமாகவே மருத்துவரிடம் செல்லுங்கள்.

கர்ப்பிணிகள் இதனை அலட்சியம் செய்யலாகாது. இந்த நோய் உள்ளவர்களுக்குக் குறைமாதப் பிரசவம் நேரும் வாய்ப்பு அதிகம். வாடையோ, வழக்கத்துக்கு மாறான வெள்ளையோ கண்டால், அடுத்த பரிசோதனையின்போதே தாதியிடம் சொல்லுங்கள். அடிவயிற்று வலி, காய்ச்சல், இரத்தப்போக்கு இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வெளிப்புறத்தைச் சாதாரணத் தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே எதையும் ஊற்ற வேண்டாம். சுகாதார நிலையத்தில் ஆண் மருத்துவர் இருந்தால், பெண் தாதியை உடன் இருக்கச் சொல்லிக் கேளுங்கள், அதில் தவறில்லை. காய்ச்சலைச் சொல்வதுபோல் இதையும் சொல்லப் பழகுவோம். நம் பெண்பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம்.