அட்டையிலிருந்து நீக்கப்பட்ட சொல்

'ஃப்ரீடம் சூட்' என்னும் ஜாஸ் இசைத்தட்டு 1958 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நியூயார்க்கில் பதிவுசெய்யப்பட்டது. அதன் முதல் பக்கம் முழுவதையும் ஏறத்தாழ 19 நிமிடம் ஓடும் ஒரே படைப்பு நிறைத்திருக்கிறது. அதில் ஒரு சொல்கூடப் பாடப்படவில்லை. ஆயினும் அந்தத் தலைப்பு சந்தைக்கு உறுத்தலாயிற்று.

அதை இயற்றிய சன்னி ராலின்ஸ் ஹார்லெமில் 1930இல் பிறந்த கறுப்பினச் சாக்ஸபோன் கலைஞர். 1956இல் பதிவுசெய்யப்பட்ட 'சாக்ஸபோன் கொலோசஸ்' அவரை முன்னணிக்குக் கொண்டுவந்திருந்தது. அந்தப் புகழுக்குப் பின்னரும், நிறத்தின் காரணமாக நியூயார்க்கில் வாடகை வீடு கிடைப்பது அவருக்கு அரிதாகவே இருந்தது. இந்தப் படைப்பின் பின்னணியில் அந்த அனுபவம் உண்டு என்பதை அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

சட்டம் பயில்வோர் இங்குச் சற்று நிற்க வேண்டும். கறுப்பினத்தவருக்கு வீட்டை விற்கக் கூடாது என்னும் ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என 1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், வீட்டுக்காரர் தாமாகவே கதவைச் சாத்தினால் அதை அத்தீர்ப்பு தடுக்கவில்லை. தனியார் வீடுகளிலும் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தை நியூயார்க் நகரம் 1957 இறுதியில் இயற்றியது. அது நடைமுறைக்கு வந்தது 1958 ஏப்ரலில். ஒலிப்பதிவு நடந்ததோ அதற்குச் சற்று முன்னர். நாடு தழுவிய சட்டத்திற்கு 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இசைத்தட்டின் உறையில் ராலின்ஸ் சிறு அறிக்கை ஒன்றை அச்சிடச் செய்தார். அமெரிக்காவின் பேச்சும் நகைச்சுவையும் இசையும் கறுப்பினத்தவரின் பண்பாட்டில் வேரூன்றியவை. அவற்றை வழங்கிய மக்களுக்கே அந்நாடு ஒடுக்குமுறையைத் திருப்பித் தருகிறது என்பது அதன் சாரம். அதில் சலுகை கோரும் தொனி இல்லை. உரிமையாளரின் வாதம் அது.

இசையின் அமைப்பும் கவனத்திற்குரியது. பியானோ இல்லை. சுரக்கட்டுகளை முன்கூட்டியே விரித்துவைக்கும் அந்தக் கருவி இல்லாதபோது சாக்ஸபோனுக்கு வெளி கிடைக்கிறது, பொறுப்பும் கூடுகிறது. பேஸ் வாசித்த ஆஸ்கர் பெட்டிஃபோர்டு, கறுப்பின மரபும் பூர்வகுடி மரபும் கலந்த குடும்பத்தவர். டிரம்ஸ் வாசித்த மேக்ஸ் ரோச் வெறும் தாளக்காரராக நில்லாமல், சாக்ஸபோனுடன் சரிக்குச் சரி உரையாடுகிறார். இடையே ஒரு பகுதி மெதுவாகத் தயங்கி நகர்கிறது. இறுதிப் பகுதி விரைந்து பாய்கிறது. என் செவிக்கு அந்தத் தயக்கமே அதிகம் பேசுகிறது.

மறுபக்கத்தில் இருப்பவை பாடல்களின் மெட்டுகள். சில ஆண்டுகளில் அதே ஒலிப்பதிவு 'ஷேடோ வால்ட்ஸ்' என்னும் பெயரில் மறுவெளியீடு கண்டது. மறுபக்கத்து மெட்டொன்றின் பெயர் தலைப்பாயிற்று. இசையில் ஒரு சுரமும் மாறவில்லை. விடுதலை என்னும் சொல் மட்டும் முகப்பிலிருந்து போயிற்று.

மேக்ஸ் ரோச் 1960இல் 'வீ இன்சிஸ்ட்!' என்னும் தமது இசைத்தட்டைப் பதிவுசெய்தார். இம்முறை பாட்டு இருந்தது. பாடியவர் ஆபி லிங்கன். உணவகப் பரிமாறு மேசையின் முன் கறுப்பின ஆடவர் மூவர் அமர்ந்து நம்மைத் திரும்பிப் பார்க்கும் ஒளிப்படம் அதன் உறையில் இடம்பெற்றது.